சொற்புதிரில் குறிப்பின் கடன்

தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பு வழங்கும் நிலங்களைப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழாக வகுத்தார். நாட்டுப்புறத்தில் விடுகதை என்றும் நொடி என்றும் வழங்கும் பிசி, நூலோடும் உரையோடும் ஒருசேர வைத்து எண்ணப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பிசியை அவர் மேலும் இருவகைப்படுத்துகின்றார். ஒப்புமையைத் துணையாகக் கொண்டு பொருளை உணர்த்துவது ஒன்று. வெளிப்படத் தோன்றும் ஒன்றைச் சொல்லி, அதன் வழியே மறைந்திருக்கும் பிறிதொன்றைத் துணியச் செய்வது மற்றொன்று. இரண்டாவதனை விளக்குமிடத்துத் துணிவு என்னும் சொல்லை ஆசிரியர் ஆண்டுள்ளார். பிசியின் சுவை மறைப்பில் இருப்பினும் அதன் முடிவு துணிவிலேயே உள்ளது என்பது இச்சொல்லாட்சியால் பெறப்படும். பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டில் யானையானது பிறைமதியைக் கவ்வி நடக்கும் மலையாக உருவம் பெறுகின்றது. விடையை அறிந்த பின்னர், பிறை கொம்பென்றும் மலை உடலென்றும் நாம் ஐயமின்றித் தெளிகின்றோம். வேறு எவ்விலங்கும் அவ்விடத்தில் வந்து பொருந்துவதில்லை.

இத்துணிவே சொற்புதிர்க் குறிப்புக்கு உரைகல் என்பது எம் கருத்து. இக்காலத்து நாளிதழ்கள் நாள்தோறும் வெளியிடும் சொற்புதிர்களில் குறிப்பு எவ்வளவு மறைக்கலாம், எவ்வளவு உதவவேண்டும் என்னும் வினா நூறாண்டுக்கு மேலாக வழக்காடப்பட்டு வந்துள்ளது. ஒருகால் அது நீதிமன்றத்தின் படியையும் ஏறிற்று. அவ்வழக்கின் போக்கினை ஈண்டு ஆராய்வாம்.

குறுக்கெழுத்துப் புதிரின் பிறப்பு 1913 டிசம்பர் 21-ஆம் நாள். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிற் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்பார், 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கென ஒரு புதிரை வரைந்தார். அதன் வடிவம் சதுரமன்று. நடுவே வெற்றிடம் கொண்ட சாய்சதுரம். அவர் இட்ட பெயர் 'சொற்குறுக்கு' என்னும் பொருள்பட இருந்தது. சில வாரங்களில் அச்சுக்கோப்பில் சொற்கள் முன்பின்னாக மாறிவிழ, அம்மாறிய பெயரே உலகெங்கும் நிலைத்தது. பிழை பெயராவது மொழிவரலாற்றிற் புதிதன்று.

அப்புதிரின் குறிப்புகள் பெரும்பாலும் அகராதிப் பொருள்களே. 'டவ்' என்னும் ஒரே சொல் அதில் இருமுறை விடையாக வருகின்றது. ஓரிடத்தில் அதற்குப் 'பறவை' என்றும் மற்றோரிடத்தில் 'புறா' என்றும் குறிப்பு. பறவை என்று மட்டும் கூறின் அது எப்பறவை? குறுக்கே செல்லும் சொற்கள் உதவினாலன்றித் துணிதல் இயலாது. மற்றொரு குறிப்பு, கோமுட்டி என்னும் கீழ்த்திசைப் பனையின் நாருக்குரிய பெயரை வினவியது. அதனை அறிந்தவர் நியூயார்க் நகரில் எத்துணையர் இருந்திருப்பர்? முன்னது விடைகளைப் பெருக்கிற்று. பின்னது அறிந்தார்க்கு எளிதாய், அறியார்க்குக் கல்லாய் நின்றது. இவ்விரு குறைகளும் இன்றளவும் நீங்கியபாடில்லை. இவற்றோடு, இப்புதிர் எத்தகையது என ஒரு குறிப்பு வினவ, 'கடினம்' என்னும் பொருளுடைய சொல் விடையாய் அமைந்திருந்தது. குறிப்பெழுதுவார்க்கு விடைகாண்பாரோடு உரையாடும் விருப்பம் முதல் நாளிலேயே தோன்றிவிட்டமைக்கு இது சான்றாகும்.

1924-இல் சைமன், சூஸ்டர் என்னும் இருவர் தொடங்கிய புதிய பதிப்பகம் தன் முதல் நூலாகவே குறுக்கெழுத்துப் புதிர்த் தொகுதி ஒன்றனை, பென்சில் ஒன்றும் இணைத்து, வெளியிட்டது. நாடெங்கும் புதிர்ப்பித்துப் பரவிற்று. அதன் தொகுப்பாசிரியர் மூவருள் ஒருவரான மார்கரெட் பெத்தர்பிரிட்ஜ் பின்னர் மார்கரெட் ஃபாரர் என வழங்கப்பெற்றவர். தொடக்கத்தில் இவ்விளையாட்டை இகழ்ந்தெழுதிய 'நியூயார்க் டைம்ஸ்' 1942-இல் ஞாயிறுதோறும், 1950-இல் நாள்தோறும் புதிர் வெளியிடத் தொடங்கியபோது, அதன் முதற் புதிராசிரியராய் அமர்ந்தவரும் அவரே. அமெரிக்கர் வகுத்துக்கொண்ட நெறி எளிது: கட்டத்தின் ஒவ்வோர் எழுத்தும் குறுக்கும் நெடுக்குமாக இரு சொற்களில் வருதல் வேண்டும். ஒரு குறிப்பு ஐயம் விளைப்பினும் அதனைக் குறுக்கிடும் குறிப்புகள் தெளிவிக்கும். துணிவு ஈண்டுக் குறிப்பிலன்றிக் கட்டத்தில் வைக்கப்பட்டது எனலாம்.

அவ்வாறு கட்டமும் உதவாது, குறிப்பும் உதவாது நின்ற ஒருவகைப் புதிரும் இருந்தது. அதுவே பரிசுப் போட்டி. தமிழ் வார இதழ்களின் பழைய தொகுதிகளைப் புரட்டுவோர் இதனை நன்கறிவர். எஸ். எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடன் 1930-களில் குறுக்கெழுத்துப் போட்டிகளாற் பெரும் வாசகர் கூட்டத்தை ஈர்த்தது. இத்தகைய போட்டிகளின் பொதுவான உத்தியை விளக்க நாமே ஒரு குறிப்பை அமைப்போம். 'வாழ்க்கைக்கு இன்றியமையாதது' என்பது குறிப்பு. கட்டத்தில் முதல் எழுத்து வெறுமை, அடுத்து 'ணம்'. விடை பணமா, குணமா, மணமா? மூன்றும் பொருந்தும். முதல் எழுத்தைக் குறுக்கிடும் சொல்லும் இராது. அறமுரைப்பான் குணம் என்பான். வணிகன் பணம் என்பான். இருவரும் தத்தம் நிலையில் தவறிலர். ஆயினும் போட்டி நடத்துவோர் கைப்பட்ட விடை யாதோ அதுவே சரியென முடியும். இங்கு விடைகாண்பவன் சொல்லை ஆராயவில்லை. மற்றொருவன் உள்ளத்தைக் குருட்டாம்போக்கில் ஊகிக்கின்றான். மிகுதியான நுழைவுச் சீட்டுகளை வாங்கி எல்லா விடைகளையும் எழுதி அனுப்பியவனே வெல்லும் நிலை உண்டாயிற்று.

இதனை நீதிமன்றங்கள் நுட்பமாகவே கண்டன. 1936-இல் இங்கிலாந்தில் ஓடம்ஸ் பதிப்பகத்தார் மீது நடந்த வழக்கில் தலைமை நீதிபதி ஹெவார்ட் பிரபு, இத்தகைய போட்டியாளர் மறைந்துகிடக்கும் இலக்கை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு எய்பவரை ஒப்பர் எனக் கருதி, அப்போட்டியைக் குலுக்குச் சீட்டின் பாற்படுத்தினார். இந்திய நாடாளுமன்றம் 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியபோது, அதன் விளக்கப் பகுதியில் குறுக்கெழுத்துப் போட்டியைப் பெயர் சுட்டியே சேர்த்தது. மாதம் ஒன்றுக்கு 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு விலக்கப்பட்டது. அதற்குட்பட்டதற்கும் உரிமம் வேண்டப்பட்டது. 1957-இல் சமார்பாக்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை நிலைநிறுத்தி, வெற்றி பெரும்பான்மையும் திறமையைச் சார்ந்து நிற்கும் போட்டிகள் இதன்கண் அடங்கா எனவும், சூதின் தன்மையனவே அடங்கும் எனவும் பொருள் கண்டது. புலமைக்கும் சூதுக்கும் இடைப்பட்ட எல்லை எதில் அமைகின்றது? ஒரு குறிப்பு ஒரு விடைக்கே உரியதா, பலவற்றுக்கும் பொதுவானதா என்பதில் அது பெரிதும் அமைகின்றது என்று நாம் கருதுகின்றோம். குறிப்பிலக்கணம் வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்றென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இங்கிலாந்தில் வழக்கு வேறு திசையிற் சென்றது. அங்கே கட்டத்தின் எழுத்துகளுட் பல குறுக்கிடப்படுவதில்லை. ஆகவே துணிவு முழுவதையும் குறிப்பே தாங்கவேண்டியதாயிற்று. 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் டார்க்கமாடா என்னும் புனைபெயரில் எழுதிய எட்வர்டு பவிஸ் மேதர்ஸ் இத்துறையின் முதற்பெரும் ஆசிரியர். புனைபெயர் ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணைத் தலைவன் ஒருவனுடையது. விடைகாண்பாரை வதைப்பதே தம் தொழில் என்பதனை அவர் மறைத்தாரல்லர். இவர் தமிழ் மாணாக்கர்க்கு முற்றும் அயலார் அல்லர். பில்கணன் பாடியதாக வழங்கும் வடமொழி ஐம்பது செய்யுள்களை 'கறுப்புச் சாமந்தி' எனப் பொருள்படும் பெயரால் ஆங்கிலத்திற் கவிதையாக்கி 1919-இல் வெளியிட்டவர் இவரே. பாரதிதாசனின் புரட்சிக்கவிக்கு மூலமாயமைந்த அப்பில்கணன் கதை இருவேறு வழிகளில் இருவேறு கவிஞரைச் சென்றடைந்தமை வியப்பே.

டார்க்கமாடா அகராதிப் பொருளை அறவே விட்டார். சொல்லைப் பிரித்தும் புரட்டியும், ஒன்றனுள் ஒன்றனைச் செருகியும், இலக்கியங்களில் எங்கோ கிடக்கும் ஒரு வரியை நினைப்பூட்டியும் குறிப்பெழுதினார். அழகுக்குக் குறைவில்லை. ஆயின் விடை கிடைத்த பின்னரும் 'இதுதானோ' என்னும் ஐயம் சில இடங்களில் எஞ்சிற்று. பொருளைச் சுட்டும் பகுதி குறிப்பில் சிலபோது இல்லாதொழிந்தமையே காரணம். 1930-இல் 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு முதற் புதிர் வரைந்த ஏட்ரியன் பெல், அதற்குமுன் ஒரு புதிரையேனும் அவிழ்த்தறியாதவர் என்பர். அவர் வழி இன்னும் மென்மையானது.

நெறி வகுத்தோர் இருவர். இருவரும் ஆசிரியத் தொழிலினர். வெல்ஸ் நகரப் பேராலயப் பள்ளியின் தலைவராயிருந்த ஏ. எஃப். ரிச்சி, ஆஃப்ரிட் என்னும் பெயரில் 1949-இல் வெளியிட்ட தொகுதியின் முன்னுரையில் புதிரமைப்போர்க்கு ஒரு கட்டளை விதித்தார். அதன் கருத்து வருமாறு: குறிப்பின் மேலோட்டமான பொருளைப் புதிராசிரியன் தன் உட்கோளாகக் கொள்ளவேண்டுவதில்லை, ஆனால் அவன் உட்கொண்டது எதுவாயினும் அது குறிப்பின் சொற்களிலேயே உளதாதல் வேண்டும். படிப்பவன் வழிதவறினால் பிழை அவனுடையதாக இருக்கலாம். வழி என ஒன்று இருந்தே தீரவேண்டும். டார்க்கமாடா 1939-இல் மறைந்தபின் அப்சர்வரில் அவர் இடத்தை ஏற்ற டி. எஸ். மக்நட், செம்மொழிகள் கற்பித்த பள்ளியாசிரியர். சிமெனிஸ் என்பது புனைபெயர். 1966-இல் அவர் இயற்றிய நூல் ஆஃப்ரிட்டின் கட்டளையை இலக்கணமாக விரித்தது. பொருட்சுட்டு ஒன்று, சொல்லின் உறுப்புகளைக் காட்டும் துணைச்சுட்டு ஒன்று, இவற்றின் வேறாய்ப் பயனில் சொல் குறிப்பில் இருத்தலாகாது. இரு வழிகளும் ஒரு விடையிலே சந்திக்கும்போது ஐயத்துக்கு இடமில்லை.

இவ்விதிகளைத் தமிழிற் பொருத்திக் காணும்போது நமக்கு ஓர் உண்மை புலனாகின்றது. ஆங்கிலப் புதிராசிரியர் கையாண்ட உத்திகளுட் பல, தண்டியலங்காரத்துச் சொல்லணியியலில் முன்னரே பெயர்பெற்றுள்ளன. எழுத்தை ஒவ்வொன்றாய் நீக்கப் புதுச்சொல் தோன்றுவது அக்கரச்சுதகம். கூட்டத் தோன்றுவது எழுத்துவருத்தனம். வினாக்கள் பலவற்றின் விடைகள் இணைந்து ஒரு சொல்லாவது வினாவுத்தரம். ஒன்றனுள் ஒன்று மறைந்து கிடப்பது கரந்துறைச்செய்யுள். சித்திரகவியைப் புலமை வறண்ட காலத்து விளையாட்டு என ஒதுக்குவோர் உளர். கவிதை என்னும் அளவில் அவர் கூற்றை மறுத்தற்கில்லை. ஆயின் குறிப்பிலக்கணம் என்னும் அளவில் அவை பயனுடைய கருவிகளே.

எடுத்துக்காட்டாக யாம் அமைத்த குறிப்பொன்று: 'தவம் குலைந்தால் கொலை (3)'. மேலோட்டமாக நோக்கின் முனிவன் ஒருவனின் சினம் தோன்றும். உள்நோக்கின் 'தவம்' என்பதன் எழுத்துகள் குலைந்து 'வதம்' ஆகின்றன. கொலை என்பது பொருட்சுட்டு. இரு வழியும் ஒன்றிலே முடிந்தன. இதனையே 'முனிவன் செயல் குலைந்தால் கொலை' என்று மாற்றின், விடைகாண்பவன் முதலில் தவம் என்னும் சொல்லை ஊகித்து, அதன்பின் அதனைக் குலைக்கவேண்டும். கலைக்கவேண்டிய எழுத்துகள் குறிப்பில் இல்லை. மக்நட் இதனை நேர்மையற்றதென விலக்கினார், நாமும் உடன்படுகின்றோம். 'பாடம் குறுகினால் ஓவியம் (3)' என்பதற்கு விடை படம். நெடில் குறிலாகும் மாத்திரைச் சுருக்கம். 'வேகும் கரமோ புலி (3)' என்பதற்கு வேங்கை. நன்னூலார் கூறும் பொதுமொழிக்கு உரைகாரர் காட்டும் வேங்கை என்னும் சொல்லே ஈண்டுப் புதிராயிற்று. தனித்து நின்று விலங்கையும், வேம் கை எனப் பிரிந்து வேகின்ற கையையும் அது உணர்த்துமன்றோ?

மக்நட்டின் விதிகளை மீறியும் நேர்மை காத்தவர் உண்டு. 'கார்டியன்' இதழில் அரவுக்காரியா என்னும் பெயரில் பல்லாண்டு புதிர் வரைந்த ஜான் கிரகாம் என்னும் சமய குருவானவர் அத்தகையர். 2013 சனவரியில் அவர் புதிர் ஒன்றின் தலைப்பில், அரவுக்காரியாவுக்கு இன்ன எண்ணுக்குரிய நோய் என்றும், இன்ன எண்களுக்குரிய மருத்துவம் நடைபெறுகின்றது என்றும் ஒரு செய்தி இருந்தது. கட்டங்களை நிரப்பியோர் உணவுக்குழற் புற்று என்பதையும், நோய்நீக்கமன்றித் துயர்தணித்தலையே குறிக்கொண்ட மருத்துவம் என்பதையும் தம் கையாலேயே எழுதிக்கண்டனர். அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார். புதிர்க் குறிப்பு இத்துணைப் பெருஞ்சுமையைத் தாங்கிய மற்றோர் இடத்தை யாம் அறியோம். அதனைத் தாங்கியமைக்குக் காரணம் துணிவே. 'இதுதானோ' என்னும் ஐயத்துக்கு அங்கே சிறிதும் இடமில்லை.

இனி, குறிப்பே இல்லாத நாட்புதிர் ஒன்று தோன்றியது. வேல்ஸ் நாட்டுப் பின்புலமுடைய மென்பொருளாளர் ஜாஷ் வார்டில், தம் துணைவி பலக் ஷாவின் பொழுதுபோக்குக்கென ஆக்கிய 'வேர்டில்' 2021 அக்டோபரில் வெளியாயிற்று. 2022 சனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் அதனை விலைக்கு வாங்கியது. நாளொன்றுக்கு ஐந்தெழுத்துச் சொல் ஒன்று, முயற்சிகள் ஆறு. இடமும் எழுத்தும் பொருந்தின் பச்சை, எழுத்து மட்டும் பொருந்தின் மஞ்சள், இல்லையேல் சாம்பல். ஒரு முயற்சிக்குரிய நிறக்கோலங்களைக் கணக்கிட்டால் 243 வரும். நான்கு பச்சையும் ஒரு மஞ்சளும் சேர்தல் நிகழாதாகலின் 238 எஞ்சும். விடைகாண்பவன் தன் ஊகத்தாலேயே தனக்குக் குறிப்பை ஆக்கிக்கொள்கின்றான். 1955-இல் வெளிவந்த ஜாட்டோ என்னும் விளையாட்டின் வழிவந்ததே இம்முறை எனினும், உலகமெல்லாம் ஒரே நாளில் ஒரே சொல்லைத் தேடும் நிலை புதியது.

குறிப்பில்லாப் புதிருக்குக் குறிப்பு வேண்டினர் மக்கள். நாளிதழ்கள் பல நாள்தோறும் அதற்கு உதவிக்குறிப்புகள் வெளியிடலாயின. இக்குறிப்பெழுதுவான் புதிராசிரியன் அல்லன், உரையாசிரியனை ஒத்தவன். மூலத்தை மறைப்பது அவன் தொழிலன்று. வேண்டும் அளவினதாய், வேண்டும் முறையிலே திறந்து காட்டுதலே அவன் கடன். முறை என்பதனை அழுத்திக் கூறுகின்றோம். பலர் எடுத்த எடுப்பிலே பொருளைச் சொல்லிவிடுகின்றனர். அதன்பின் எழுத்தாராய்ச்சிக்கு இடமேது? உயிரெழுத்து எத்தனை என்பதே முதலிற் கூறத்தக்கது. எழுத்து ஏதேனும் இரட்டித்து வருகின்றதா என்பது அதனினும் சிறந்தது. விடைகாண்பார் ஐந்தெழுத்தும் வெவ்வேறானவை எனத் தம்மையறியாமலே கொள்வர். அம்மயக்கத்தை நீக்கும் குறிப்பு, விடையின் ஓரெழுத்தையும் வெளியிடாமலே உதவிவிடுகின்றது. பொருள் கடைசியில் வருதல் வேண்டும்.

ஓரிடத்தில் மட்டும் இம்முறையைத் தலைகீழாக்குதல் தகும். 'நைட்' என இரவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இறுதி நான்கெழுத்தும் தெரிந்து முதலெழுத்து மட்டும் தெரியாத நிலையை எண்ணுக. லைட், ரைட், சைட், மைட், டைட், ஃபைட் முதலிய சொற்களெல்லாம் அங்கே வந்து நிற்கின்றன, முயற்சிகளோ சில. முன்னர்க் கண்ட பணம், குணம், மணம் என்னும் இடர்ப்பாடே இது. திறமை தீர்ந்து சூது தொடங்கும் அவ்விடத்தில், பொருளைச் சொல்லிவிடும் குறிப்பே நேர்மையுடைய குறிப்பு.

தமிழில் இத்தகைய நுண்குறிப்புப் புதிர் இயலாது என்பார் கூறும் காரணங்கள் இரண்டு. வேற்றுமை உருபும் புணர்ச்சியும் சொற்றொடரின் உட்கட்டை வெளிப்படுத்திவிடும் என்பது ஒன்று. தொகைநிலைத் தொடர்களையும் செம்மொழி, பிரிமொழி என்னும் இருவகைச் சிலேடைகளையும் உடைய மொழிக்கு இத்தடை பெரிதன்று. ஆங்கிலத்தில் இருபத்தாறாயிருக்கத் தமிழில் எழுத்துகள் 247 ஆதலின் கட்டம் இணங்காது என்பது மற்றொன்று. இஃது ஓரளவு உண்மையே. ஆயின் இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். உயிர்மெய் நிற்கும் கட்டம் ஒன்று தெரிந்தால், ஆங்கிலத்தில் இரு கட்டங்கள் தெரிந்ததற்கு அஃது ஏறத்தாழ ஒப்பாகும். செங்கற்பட்டிற் பிறந்து, 1958 முதல் 1962 வரை கடற்படைத் தலைமைத் தளபதியாயிருந்த ராம்தாஸ் கட்டாரி, ஓய்வுக்குப்பின் சென்னை 'தி இந்து' நாளிதழுக்கு ஆங்கிலப் புதிர் அமைத்தளித்தார். அவரையொத்த திறனுடையார் ஒருவர் தமிழ்க் கட்டத்தில் கைவைத்திருப்பின் இவ்வேறுபாட்டின் பயனை நாம் முன்னரே கண்டிருப்போம்.

கட்டம் அமைப்பார்க்குத் தமிழ் இலக்கணமே சட்டமும் விதிக்கின்றது. மெய் தனித்து மொழிக்கு முதலாகாது. ஆகவே குறுக்குச் சொல்லில் மெய் நிற்கும் கட்டத்தில் நெடுக்குச் சொல் தொடங்கலாகாது. வல்லின மெய் மொழிக்கு ஈறாகாமையின் அக்கட்டத்தில் எச்சொல்லும் முடிதலும் ஆகாது. விடைகாண்பார்க்கோ இவையே எழுதாக் குறிப்புகளாகின்றன. ஒரு கட்டத்தில் 'க்' என விழுந்தால், அதன் வலப்புறத்தும் கீழ்ப்புறத்தும் ககர வருக்கமன்றிப் பிறிது வாராது. 'ங்' ஆயினும் பெரும்பாலும் அவ்வாறே. 'ந்' எனின் அடுத்துத் தகர வருக்கத்தையே முதலில் எண்ணிப்பார்க்கலாம். 'ட்', 'ற்' என்பனவோ தம்மோடு க, ச, ப என்னும் வருக்கங்களையும் ஏற்கும்; அங்கே தேடுதல் சற்று விரியும்.